நெயில் பாலிஷ் வைத்த துப்பாக்கி

ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் பதினோரு வருஷமாகத் துப்பாக்கிக்காரனாக இருக்கிறேன். பம்பாயில் எங்களை 'கன்மேன்' என்பார்கள். துப்பாக்கி கம்பெனி கொடுத்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. துப்பாக்கி என்னுடையது, லைசென்ஸும் என் பெயரில்தான். 'ட்வெல்வ் போர்' என்பார்கள், இரட்டைக் குழல், நடுவில் மடித்துத் திறந்து இரண்டு தோட்டா போடுகிற ரகம். துப்பாக்கியோடு வருகிறவனுக்குத்தான் அந்த வேலை. துப்பாக்கி இல்லாவிட்டால் அதே ஆளுக்கு ஒரு தடியையும் விசிலையும் கொடுத்து ஏதாவது கட்டிட வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் ஆட்களிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. சாயங்காலம் டூட்டி முடிந்ததும் இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியை மூடி, சுவரைப் பார்த்து இரண்டு விசையையும் இழுத்துவிடுவோம். டக், டக். நாள் முழுக்க உள்ளே இழுபட்டுக் கிடந்த ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுக்கிறோமாம். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன். அந்த டக் டக் கேட்டால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு வழக்கம் நெயில் பாலிஷ். ரிப்பேர் கடைக்குத் துப்பாக்கியைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசைப் போட்டுவிடுவார்கள் என்பது கன்மேன்கள் எல்லோருக்கும் உள்ள பயம். அதனால் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவோம். திருகாணியைத் திருப்பினால் பொட்டு உடையும். உடைந்திருந்தால் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ரிப்பேருக்கென்று கொடுத்துவிட்டு, திறந்தாயா என்று கேட்பது என்ன நியாயம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் செம்பூரில் ஒரு ஏ.டி.எம். வாசலில் இரண்டு பேர் எங்கள் பணப்பெட்டியைப் பறிக்க வந்தார்கள். பெட்டி, வண்டியில் என்னோடு வருகிற காஷியர் கையில் இருந்தது. அவர் கோபர்கைரனேயில் இருக்கிறார், நம்ம தென்காசிப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருவன் அரிவாளை ஓங்கியதும் அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். நான் துப்பாக்கியைத் தூக்கி, அந்த ஆளின் நெஞ்சுக்கு நேரே பிடித்து, "இன்னும் ஒரு எட்டு வச்சே, சுட்டுருவேன்லே" என்று கத்தினேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குழலின் வாய் தெரிந்தது. இரண்டு பேரும் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

கம்பெனி எனக்கு ஒரு சால்வை போட்டுச் சான்றிதழ் கொடுத்தது. தாராவி லேபர் கேம்ப்பில் என் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். காஷியர் அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மனைவி என்னைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவாள். இதற்கெல்லாம் நான் கூச்சப்பட்டவன் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை 'சுடும் பயிற்சி முடிந்தது' என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவோம், அவ்வளவுதான் பயிற்சி. இவர் அந்த ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு எங்களை வரிசையில் நிற்கச் சொன்னார். ஒவ்வொரு துப்பாக்கியாக வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். என்னுடையது கடகடவென்று ஆடியது.

"இது துப்பாக்கியா, கிலுகிலுப்பையா?" என்ற அர்த்தத்தில் இந்தியில் ஏதோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் அவர் முன்னால் இரண்டு குழலிலும் சுட்டுக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நிரந்தரமாகத் தடி டூட்டி என்றார். அதுவரைக்கும்கூடத் தடி டூட்டிதான் என்றார்.

செம்பூரில் ஒரு பெரிய கட்டிடத்தின் வாசலில் நிறுத்தினார்கள். கார் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். துப்பாக்கியோடு நிற்கும்போது 'பாய் சாஹப்' என்று வழி கேட்பவர்கள், தடியோடு நின்றால் "ஏ வாட்ச்மேன்" என்கிறார்கள். நான்காவது மாடி அம்மாள் ஒருத்தி நாய்க்குட்டியின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விட்டாள். அரை மணி நேரம் அந்த நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா என்று ஆத்திரமாக வந்தது. எப்படியாவது துப்பாக்கியைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் போனது தெற்குப் பம்பாயில் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்கு. ஏ.சி. போட்ட கடை. அங்கே இருந்தவர் என் துப்பாக்கியைக் கையில்கூட வாங்கவில்லை. கவுண்டரில் விரித்த துணிமேல் கிடந்ததை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். இரண்டு மாதம் ஆகும், அதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு வேறொருவருக்குத் தொலைநோக்கி காட்டப் போய்விட்டார். லீவு கேட்டு வாங்கிப் போய்வருவதற்குள் மூன்று நாள் வீணாகிவிட்டது.

பிறகு எங்கள் வண்டி டிரைவர் சொல்லித்தான் சயானில் ஒரு பாயின் ரிப்பேர் கடைக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. லைசென்ஸ் சுவரில் தொங்குகிறது, ஜன்னலோரம் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மாட்டிய ஒரு பிடிமேசை, ஒரு சிறிய கடைசல் இயந்திரம். பாய் மேலப்பாளையத்துக்காரர். நான் வாயைத் திறந்ததுமே "அண்ணாச்சி, திருச்செந்தூர் பக்கமா?" என்று கேட்டுவிட்டார். துப்பாக்கியை மடித்து, ஆட்டி, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தார்.

"கீலு தேஞ்சு போச்சு அண்ணாச்சி. அதான் ஆடுது. வெச்சுட்டுப் போங்க. வியாழக்கெழமை வாங்க."

திருகாணித் தலைகளில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  ரிஜிஸ்டரில் துப்பாக்கி நம்பரை எழுதி எனக்கு ரசீது கொடுத்தார்.

அப்போது அங்கே இன்னொரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். மாட்டுங்காவில் வீடு, நல்ல வசதி, அறுபது வயதுக்கு மேல். அவர் பேசியது ஆபீஸ்காரக் குடும்பத்துத் தமிழ். மடியில் அகலமான தொப்பி ஒன்று வைத்திருந்தார். பன்வேலுக்கு அப்பால் ஒரு ரேஞ்சில் அவரும் நண்பர்களும் கௌபாய் வேஷத்தில் துப்பாக்கிப் போட்டி நடத்துகிறார்களாம். பூட்ஸ், தொப்பி, இடுப்பில் தோட்டா பெல்ட், வெளியே சுத்தியல் தெரிகிற பழங்காலத்து இரட்டைக் குழல். மணி அடித்ததும் இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும். இரண்டு சுட்டு, துப்பாக்கியை மடித்து, காலித் தோட்டாவை உதறி, அடுத்த இரண்டைப் போட்டு மறுபடி சுட வேண்டும். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குக் கோப்பை.

"காலி கேஸ் உள்ள மாட்டிக்கறது பாய். கையால பிடுங்க வேண்டியிருக்கு. எனக்கு ஒவ்வொரு தரமும் ரெண்டு செகண்ட் போறது" என்று பாயிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். பாய் மெல்லிய உப்புத்தாளை ஒரு மரக்குச்சியில் சுற்றி, அவருடைய குழலில் தோட்டா உட்காருகிற இடத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு செகண்டுக்காக ஒருவர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இடுப்பு பெல்ட்டின் தையலைப் பார்த்தேன். அது எங்கள் தாராவித் தையல். எந்தச் சந்தில் தைத்தது என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவர் அதை அமெரிக்காவிலிருந்து வரவழைத்ததாகச் சொன்னார். நானும் தலையாட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை போனேன். துப்பாக்கி துண்டு துண்டாகப் பிரிந்து மேசையில் கிடந்தது. கௌபாய் ஐயாவும் அங்கேதான் இருந்தார்.

பாய் சொன்னார்: "கீல் வேலை முடிஞ்சுது அண்ணாச்சி. ஆனா ரெண்டு பின்னும் ஒடிஞ்சு கெடக்கு."

பின் என்பது விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தில் குத்துகிற இரும்பு முள். அது குத்தினால்தான் தோட்டா வெடிக்கும்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஆடுதுன்னு கொண்டாந்தேன். இப்ப பின் ஒடிஞ்சுதுன்னு சொல்லுதீரு. நல்லா இருந்த பின்னு உம்ம கடைக்கு வந்ததும் எப்படி ஒடியும்? பொட்டு எல்லாம் ஒடைஞ்சு கெடக்கே, நான் கண்ணு தெரியாதவன்னு நெனச்சீரா? என் பின்னை எடுத்து யாருக்கு மாட்டினீரு?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மாடிப்படியில் ஏறிவந்த இருவர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். வாடிக்கையாளர் முன்னால் ஒரு கடைக்காரரைத் திருடன் என்று சொல்லியாயிற்று. அவர் முகம் சிறுத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

பாய் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். அரிசி அளவில் இரண்டு இரும்புத் துணுக்குகள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

"ஒடிஞ்ச எடத்தைப் பாருங்க. நான் இன்னிக்கு ஒடிச்சிருந்தா அந்த எடம் வெள்ளையா மினுங்கும். இது என்ன கலர்ல இருக்கு?"

பார்த்தேன். பழுப்பாக இருந்தது. ஆழமாகத் துரு ஏறியிருந்தது.

"இது பல மழை பாத்த துரு அண்ணாச்சி."

பிறகு குழல் இல்லாத பின்பாதியை மட்டும் எடுத்து, உடைந்த பின்களை அப்படியே உள்ளே வைத்து மாட்டி, விசையை இழுத்துக் காட்டினார். டொக் என்றது. "முள்ளு இந்த ஓட்டை வழியா வெளிய எட்டிப் பாக்கணும். தெரியுதா?" ஓட்டையில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த விசை. டொக். அதிலும் ஒன்றுமில்லை.

"தெனமும் டூட்டி முடிஞ்சதும் காலியா அடிக்கியளா?"

"ஆமா. ஸ்பிரிங் ரெஸ்ட் எடுக்க..."

"உள்ள தோட்டா இல்லாம அடிச்சா முள்ளுக்குத் தாங்க ஒண்ணும் இருக்காது. ஒரு நா ரெண்டு நா தாங்கும். நீங்க எத்தனை வருஷமா அடிக்கீய?"

 டொக் என்ற சத்தம்தான் காதில் இருந்தது. என் துப்பாக்கி ஆரம்பத்தில் டக் டக் என்றுதான் அடிக்கும். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் மழுங்கி டொக் டொக் என்று ஆனது. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று நினைத்து நிறைய எண்ணெய் விட்டேன். அது எந்த வருஷம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவிக்கு சயான் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை எடுத்த வருஷம். ஆஸ்பத்திரிக்கு நேராக டூட்டியிலிருந்துதான் போவேன். போவதற்கு முன்னால் சுவரைப் பார்த்து டொக் டொக்.

செம்பூர் ஏ.டி.எம். சம்பவம் அதற்கு அடுத்த வருஷம் நடந்தது.

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அரிவாள்காரன் இன்னும் ஓர் எட்டு எடுத்து வைத்திருந்தால் நான் விசையை இழுத்திருப்பேன். டொக். இன்னொரு விசை. டொக். அப்புறம் நானும் இல்லை, என் முதுகுக்குப் பின்னால் இருந்தவரும் இல்லை.  நின்ற இடத்தில் செத்துப்போயிருக்க வேண்டியவன் மூன்று வருஷமாகச் சால்வையும் சான்றிதழும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பாயின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"பாய், நான் பேசினது தப்பு" என்றேன். "மன்னிச்சுக்கிடுங்க."

"கத்துனது கத்தியாச்சு. டீ குடிங்க" என்றார். அவருக்குக் கோபம் போகவில்லை என்பது டீயை என் கையில் தராமல் மேசையில் வைத்ததில் தெரிந்தது. "சனிக்கெழமைதானே சுட்டுக் காட்டணும்?"

"ஆமா. இல்லைன்னா தடிதான்."

கடையில் தயார் பின் கிடையாது. எஃகுக் கம்பியைக் கடைந்து, அளவுக்கு அராவி, சூடாக்கி எண்ணெயில் முக்கி எடுக்க வேண்டும். அதற்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். பாய் பிடிமேசையில் இருந்த பழங்காலத் துப்பாக்கியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

கௌபாய் ஐயா எழுந்துவிட்டார். "என்ன பாய், ஞாயித்துக்கெழமை எனக்கு மேட்ச். என்னோடதை எடுத்து வெச்சுட்டேளே!"

"சார், உங்களுக்கு ரெண்டு செகண்ட் லேட்டாகும். இவருக்கு வேலையே போயிரும்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ரயில்வே லைனைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். பெல்ட்டிலிருந்து சிவப்பு நிறத்தில் இரண்டு தோட்டாக்களை உருவி என் முன்னால் வைத்தார். அலுமினியத்தில் செய்த டம்மி தோட்டாக்கள். பின் குத்துகிற இடத்தில் ரப்பர் வைத்திருந்தது.

"இதை உள்ள போட்டுண்டு அடியுங்கோ. எத்தனை தரம் வேணா அடிக்கலாம். நாங்க எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்கோம்" என்றார். நன்றி சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். அவர் பெல்ட்டைப் பார்த்து மனதுக்குள் நக்கல் அடித்தவன் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கி கைக்கு வந்தது. பாய் குழலைக் கழற்றி விசையை இழுத்துக் காட்டினார். ஓட்டை வழியாக முள் பளிச்சென்று வெளியே வந்து நின்றது. இரண்டிலும். திருகாணித் தலைகளைப் பார்த்தேன். பழைய பொட்டை எல்லாம் சுத்தமாகத் துடைத்திருந்தார். "மறுபடியும் வெக்கணும்னா வீட்டுல போயி வெச்சுக்கிடுங்க" என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

சனிக்கிழமை ரேஞ்சில் என் முறை வந்தது. தோட்டா போட்டு மூடினேன். கடகடப்பு இல்லை. இந்தத் துப்பாக்கியை வாங்கின அன்று கடைக்காரர் முன்னால் சுட்டது, அதற்குப் பிறகு இப்போதுதான். வலது விசையை இழுத்தேன். தோளில் இடி விழுந்தது. காது அடைத்துவிட்டது. இலக்குப் பலகையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. இடது விசைக்கு விரல் போக மறுத்தது. அதிகாரி பின்னாலிருந்து "தூஸ்ரா" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். அதுவும் வெடித்தது.

அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். உதறி எடுத்த காலித் தோட்டாக்களைக் கீழே நழுவவிட்டேன். தோளில் அடிபட்டதால் என்று பக்கத்து ஆளிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்தப் பலகை பிய்ந்ததைப் பார்த்த பிறகு, இத்தனை வருஷமும் இந்தச் சாமானை மடியில் போட்டுக்கொண்டு தூங்கி விழுந்திருக்கிறேன், ரயிலில் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்திருக்கிறேன், வீட்டில் பீரோவில் வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் துப்பாக்கியைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அன்றுதான்.

திங்கட்கிழமை மறுபடி வண்டி. நானும் காஷியரும் பின்சீட்டில். எப்போதும் போலத் துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். குழலின் வாய் எப்போதும் போல அவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் வீட்டுக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. சொன்னால் தீபாவளிக்கு வருவது நின்றுபோகும், அவர் மனைவி கும்பிடுவது நின்றுபோகும். ஆனால் அவர் உயிரும் சேர்ந்துதானே அன்று என் கையில் இருந்தது? சயான் சிக்னலில் வண்டி நின்றபோது சொல்லிவிட்டேன். அன்று செம்பூர் ஏ.டி.எம். வாசலில் நான் தூக்கிய துப்பாக்கி சுட்டிருக்காது, அது அதற்கு முந்தின வருஷமே செத்துப்போனது என்றேன்.

 இரண்டு ஏ.டி.எம்.மில் பணம் வைத்து முடித்தோம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவதுக்குப் போகும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு உங்களுக்கே தெரியாதுல்ல அண்ணாச்சி?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பீயளா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். வெளியே பார்த்தார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. துப்பாக்கி குலுங்கியது. அவர் சட்டென்று திரும்பினார்.

"இப்ப சுடுமா?"

"சுடும். ரெண்டும் சுடும்."

அவர் கதவோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலால் குழலை மெதுவாகத் தொட்டார்.

"அப்ப கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிப் பிடிங்க அண்ணாச்சி" என்றார்.

திருப்பிப் பிடித்தேன்.